ஒரு தம்ளர் தண்ணீரில் எத்தனை மூல்

அக்கா அரிசி களைந்தாலும் வாய் இரசாயனம்தான் சொல்லும். உப்பென்றால் ஐம்பத்தெட்டரை, தண்ணீரென்றால் பதினெட்டு. இருக்கிற கிராமை அந்த மூலர்த் திணிவால் வகுத்தால் எத்தனை மூல் என்று வந்துவிடும். கேட்டுக் கேட்டே எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கும் அது பாடமாகிவிட்டது.

அந்த வருடம் அவளுக்குப் பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். சோதனை. அதற்கு முன்னமே அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்று மாமா ஒற்றைக் காலில் நின்றார்.

"கலியாணம் முடிஞ்சால் பிறகென்னத்துக்குச் சோதனை?"

அக்காவை யாரும் கேட்கவில்லை.

கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்த மாமா தேடிப் பிடித்த மாப்பிள்ளையும் ஓர் இரசாயன மாஸ்டர். ரியூசன் கொடுக்க உதவியாயிருக்கும், கணக்கு ஓடுகிற பெண்தான் வேண்டுமாம். "எங்கடை பிள்ளை நித்திரையிலையும் கணக்குச் செய்யும்" என்று மாமா அளந்துவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று நான் அக்காவோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பலகாரம் முடிந்ததும் மாஸ்டர் தண்ணீர்த் தம்ளரைக் காட்டினார்.

"இதிலை நூற்றியெண்பது கிராம் தண்ணி எண்டு வையுங்கோ. எத்தனை மூல்?"

பத்து. எனக்கே தெரியும். அக்கா குனிந்த தலை நிமிராமல், "மூவாயிரத்து இருநூற்றி நாப்பது" என்றாள்.

"வகுக்கிறதோ, பெருக்கிறதோ?"

"பெருக்கிறது."

"கூட வந்தால் நல்லதுதானே, தம்பி" என்றார் மாஸ்டரின் தாயார்.

மாமாவுக்கு வியர்த்தது. "வெக்கத்திலை மாறிச் சொல்லிப்போட்டாள். இன்னொண்டு கேளுங்கோ."

மாஸ்டர் உப்பைக் கேட்டார். அக்கா அதையும் பெருக்கினாள். என் காது சுட்டது. சரியான விடையைச் சொல்லிக் குடும்ப மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறந்தேன். யாருக்கும் தெரியாமல் அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"சொல்லி அனுப்புறம்" என்று போனவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை. கதை மட்டும் ஊரெல்லாம் போய்விட்டது. "உங்கை பார், மூவாயிரத்தின்ரை தங்கச்சி போறா" என்று பெடியள் வேலிக்கு அங்கால் நின்று கத்துவார்கள். வெட்கத்தில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்க ஒழுங்கையால் சுற்றிப் போனேன். அக்காவோடு சேர்ந்து கோயிலுக்குப் போவதையும் விட்டேன். சோதனை முடியும்வரை வேறொருவரும் அவளைப் பெண் பார்க்க வரவில்லை.

அவர்கள் வந்துபோன அன்று பின்னேரம் அம்மா சாப்பிடவில்லை. மாமா சொல்லாமலே போய்விட்டார். கன்றிப்போன என் தொடைக்கு அக்கா நல்லெண்ணெய் தடவினாள்.

"உனக்கு வகுக்கத் தெரியாதோ அக்கா?" என்று அழுதேன்.

"தெரியும். கத்தாதை."

பிறகு கையைக் கழுவிவிட்டு, சம்பலோடு இரண்டு தரம் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டாள். இவ்வளவு மானம் போன வீட்டில் ஒருத்திக்குப் பிட்டு எப்படி இறங்குகிறது என்றுதான் எனக்கு விளங்கவேயில்லை.