எருதின் முதுகில் என் மகள்

1968-இன் கடைசியில், ராகி அறுவடை முடிந்து களங்கள் காலியாகிக்கொண்டிருந்த வாரத்தில்தான் என் மகளை முதன்முதலாக எருதின்மேல் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. இளம்பிள்ளைவாதம் வந்ததிலிருந்து வலது கால் அசையாது. இடது கால் லேசாக அசையும், ஆனால் அதில் பலமில்லை.

உத்தனப்பள்ளிக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறிய வைத்தியசாலைக்கு வியாழன்தோறும் ஓசூரிலிருந்து அவளைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவேன். வைத்தியம் பார்த்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் படித்தபோது, கால் விளங்காத பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றிப் பழக்குவதைப் பார்த்திருக்கிறார். மிருகத்தின் சூடும் அதன் நடையின் அசைவும் தொடைக்கு நல்லது என்றார்.

"குதிரைக்கு நான் எங்க போவேன்? ஊருலயே சாதுவான மாடு எதுன்னு கேட்டேன். எல்லாரும் இவரு மாட்டைத்தான் காட்டுனாவ" என்று பக்கத்தில் கயிற்றோடு நின்றவரைக் காட்டினார் சிஸ்டர்.

எருதுக்காரர் பக்கத்து நிலத்து விவசாயி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எருதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். நான் கொம்புகளையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதீங்க சார். பசங்க எல்லாம் இவம்மேல ஏறி வெளையாடும். எம் பொண்டாட்டி ஒருத்திக்குத்தான் இவன் பயப்படுவான். நானும் அப்படித்தான்."

முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடக்க, ஒரு பக்கம் சிஸ்டரும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொள்ள, எருது புளியமரத்தைச் சுற்றி வரும். முதல் வாரங்களில் அழுதவள் பிறகு திமிலில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "காலால அமுக்கு மக்கா" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே வருவார். கால்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

பொங்கல் முடிந்த அடுத்த வியாழன் அது. பாதிச் சுற்றில் ஏரிக்கரைப் பக்கமிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. எருது நின்றது. காதுகள் நிமிர்ந்தன. என் உள்ளங்கைக்குக் கீழே அதன் தோல் அலை அலையாக நடுங்கியது.

எருதுக்காரர் முகம் மாறிப்போனது. "சார், கொழந்தைய எறக்குங்க. சத்தம் போடாம."

"ஏன்?"

"இவன் ஓடற எருதுங்க."

தை பிறந்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் எருது விடுவார்கள். கொம்பில் அலங்கரித்த மூங்கில் தட்டி கட்டி, தப்பட்டை அடித்து விரட்டுவார்கள். சத்தம் கேட்டதும் பாய்வதற்கென்றே பழக்கிய எருதுகள் மற்ற நாட்களில் வீட்டுப் பிள்ளை போல இருக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சேலத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கும் நாகர்கோவில் சிஸ்டருக்கும்தான் தெரியாது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவள் வரவில்லை. சாக்கில் பாவாடை மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். எருது முன்காலால் மண்ணைப் பறித்தது. அவர் தோளிலிருந்த துண்டை அதன் கண்மேல் போட்டு, நெற்றியோடு நெற்றி வைத்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டிருந்தது.

"விடு மக்கா, காலை விடு" என்று சிஸ்டர் கெஞ்சினார். அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய இடது தொடை எருதின் விலாவைக் கவ்விக்கொண்டிருந்தது. சிஸ்டர் முழங்காலைப் பிடித்துப் பிரித்தெடுத்தார். குழந்தை என் மார்பில் வந்து விழுந்ததும் துண்டு பறந்தது. எருது ஏரிக்கரைப் பக்கம் பாய்ந்து போயிற்று. அவளைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் எருதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது ஒன்றும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டு வந்தது.

"சாதுவான மாடு கேட்டா ஓடுற மாட்டையா தருவீரு?" என்றார் சிஸ்டர்.

"சாதுதானுங்களே, சிஸ்டர். சீசன்ல மட்டும்தான் இப்படி. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அந்தத் தொடையில பலம் வந்திருக்கு. இப்ப விட்டா போயிரும். எருது விடுறது முடியட்டும், திரும்ப வாங்க."

"வேற மாடு?"

"வேற மாட்டுல இவ ஏறணுமே."

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கால் வராட்டிப் போவுது. புள்ள இருக்கட்டும்" என்றாள். அந்தத் தை, மாசி முழுக்க, மகள் தூங்கும்போது இடது தொடையில் கை வைத்துப் பார்ப்பேன். நாளுக்கு நாள் அது தளர்வது போலவே இருந்தது. அதுவும் பயமாக இருந்தது. விளக்கை அணைத்தால் துண்டு பறப்பது தெரிந்தது.

பங்குனி பாதியில் நானே அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வாசல் வரை வரவில்லை.

எருதுக்காரர் கையில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் மறையவில்லை. கயிற்றை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டார். எருது நடந்தது. "அமுக்கு மக்கா" என்றார் சிஸ்டர். இடது கால் மெல்ல அமுக்கியது. அதைப் பார்க்க வேண்டிய நான் ஏரிக்கரைப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ யாரோ கல்லில் துணி துவைக்கும் சத்தம் வந்தது. என் கை அவள் இடுப்பை இறுக்கியது.

"வலிக்குதுப்பா" என்றாள். எருது காதைக்கூட அசைக்கவில்லை.