விறகு அடுக்கின் கீழே ஒரு பெருச்சாளி

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாத்திக்குப் போனபோது உருளைக்கிழங்குச் செடி ஒன்று வாடித் தலை சாய்ந்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தொட்டேன். செடி கையோடு வந்துவிட்டது. அடியில் வேரும் இல்லை, கிழங்கும் இல்லை. அந்த வாரத்திலேயே இன்னும் ஐந்து செடிகள் அப்படிப் போயின. சுற்றிலும் பொந்துகள், வாயிலில் புது மண். பெருச்சாளி வேலை.

எங்கள் லயம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடு, பின்னால் ஆளுக்கொரு மரக்கறிப் பாத்தி. என் கணவர் பதுளை டவுனுக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்தார். நான் வைக்க விடவில்லை.

"பக்கத்து வீட்டு அக்காவோட கோழியெல்லாம் நம்ம பாத்தியிலதான் கிண்டுது. மொதல்ல சாகுறது அதுங்கதான்."

"அப்ப என்ன செய்யப்போற? பெருச்சாளிகிட்ட பேசிப் பாக்கப்போறியா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஈர மண்ணை உருட்டி எல்லாப் பொந்தையும் அடைத்தேன். மொத்தம் பதினொன்று. மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்தால் இரண்டு மட்டும் திறந்திருந்தன. திரும்ப அடைத்தேன். மூன்று நாளும் அதே இரண்டு. அப்படியென்றால் புழக்கம் இவற்றில்தான். ஒன்று கிழங்குச் செடிகளுக்கு நடுவில். மற்றது வேலியோரம், பக்கத்து வீட்டு அக்காவின் விறகு அடுக்கை ஒட்டி.

அவரிடம் போய் விறகைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். மழைக்காலத்துக்கென்று அவர் சுமந்து சேர்த்த விறகு. முகம் மாறிவிட்டது.

"நான் எலி வளக்குறேன்னு சொல்றியா?"

"இல்லக்கா. அது ஒங்களக் கேக்காமக் குடிவந்திருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டைச் சட்டியில் தணலைப் போட்டேன். மேலே கொஞ்சம் மானாப்புல், ஒரு பிடி காய்ந்த மிளகாய். வேலியோரப் பொந்தைக் கல் வைத்து அடைத்துவிட்டு, சட்டியைப் பாத்திப் பொந்தின் வாயில் சாய்த்து முறத்தால் விசிறினேன். என் கண்ணிலும் தண்ணீர். சற்று நேரத்தில் அக்காவின் விறகுக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியது. அப்படியென்றால் விறகுக்கு அடியிலும் ஒரு வாயில் இருக்கிறது.

இருமிக்கொண்டே ஓடி வந்த அக்கா புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விறகைத் தூக்கிப் போடத் தொடங்கினார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கடைசி வரிசையை எடுத்ததும் அது பாய்ந்தது. பூனைக்குட்டியைவிடப் பெரிது. வேடிக்கை பார்க்க வந்த என் கணவர் துள்ளிப் பின்னால் போனார். நான் மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்தேன். அடி தப்பவில்லை.

பிறகு பொந்தைக் கிண்டினோம். என் கிழங்குகளோடு பீட்ரூட்டும் குவிந்து கிடந்தது.

"அடப்பாவி, இது என் பீட்ரூட்டுல்ல!" என்று அக்கா கத்தினார். தன் பாத்தியிலும் திருட்டு நடந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் வந்தன.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், என் கணவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என் சம்சாரந்தான் புடிச்சா. மருந்தே வைக்கல." தான் துள்ளியதை விட்டுவிட்டார். அதை நான் சொன்னேன்.

அடுத்த வாரம் மேல் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "அக்கா, எங்க லீக்ஸ் பாத்திய ஒருக்கா வந்து பாக்குறீங்களா?"

இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக யாரும் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. திருவிழாவுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டேன்.

"பொந்து அடைக்கவா இந்தச் சேல?" என்றார் கணவர்.

"கூப்புட்டிருக்காங்கல்ல" என்றேன்.