தடுப்புச் சுவரும் கீழ்வீட்டுக் கிணறும்

எண்பதுகளின் கடைசியில் அஸ்தினாபுரத்தில் அப்பா வாங்கிய மனையின் பின்பக்கம் ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா நட்ட வாழைக்கன்றுகள் மண்ணோடு கீழ்வீட்டுக்குக் குடிபோய்விடும். கடைசியில் கருங்கல்லில் தடுப்புச் சுவர் எழுப்பி, மண் கொட்டி, கொல்லையைச் சமமாக்கினோம். சுவரின் அடிப்பக்கத்தில் மேஸ்திரி வரிசையாகக் குழாய்த் துண்டுகளைச் செருகினார். "இத்த வுடலைன்னா மழைத்தண்ணி உள்ளயே நின்னுகினு செவுரு வவுறு தள்ளிக்கும்மா" என்றார்.

அந்தக் குழாய்கள்தான் வினை. கீழ்வீட்டில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். மனிதர் சரியான சந்தேகப் பிராணி! எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் போதும், ஓடிவந்து குழாய்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பார். "உங்க கக்கூஸ் தண்ணி எங்க கிணத்துல இறங்குது சார். பேத்திக்கு மாசாமாசம் வயித்தால போகுது" என்று அப்பாவிடம் முறையிட்டார்.

"அது மழைத்தண்ணி சார், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கோ பெரியவர்மேல் சந்தேகம். இப்படியே தகராறு பண்ணி, சுவரை நாலடி உள்ளே தள்ளிக் கட்டவைத்து இடத்தை அமுக்கப் பார்க்கிறார் என்று அடித்துச் சொன்னாள். நானும் நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டைமாடியில் நின்று அவரை வேவு பார்ப்பதே எனக்கு வேலை.

அந்த வருட ஐப்பசி மழையில் சுவர் நிஜமாகவே புடைத்துக்கொண்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால் அத்தனை குழாயிலும் சிமென்ட்! யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? அம்மா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவர் குறுக்கே நின்றார்.

"திறக்காதீங்கம்மா, எங்க வீட்ல குழந்தை இருக்கு."

"சுவர் விழுந்தா அந்தக் குழந்தை தலையிலதான் சார் விழும்! தள்ளுங்க."

அடைப்பை உடைத்ததும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அம்மா என்னை ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னாள். பிடித்தாள். "இதுதானே நீங்க சொன்ன கக்கூஸ் தண்ணி? நல்லா பாத்துக்குங்க" என்று மடக்கென்று குடித்துவிட்டாள். அடடா, எனக்கு அன்று வந்த பெருமை இருக்கிறதே!

வீட்டுக்குள் வந்து அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"குடிச்சியா? நிஜமாவே குடிச்சியா?"

"ஏன் கேக்கறீங்க?"

"போய் வாந்தி எடு முதல்ல."

அம்மா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டபிறகு விஷயம் வெளியே வந்தது. சுவரை ஒட்டி இருந்த எங்கள் செப்டிக் டேங்குக்கு அடித்தளமே போடவில்லை. அடியை வெறும் மண்ணாக விட்டால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், டேங்க் நிறையாது, லாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. அப்பாவே மேஸ்திரியிடம் சொல்லி அப்படிக் கட்டியிருந்தார்.

"இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் கட்டியிருக்காங்க" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அம்மா வாந்தி எடுக்கவில்லை. கொட்டுகிற மழையில் கொல்லைக்கு நடந்தாள். "ஏய், மானத்த வாங்காத, உள்ள வா" என்று அப்பா பல்லைக் கடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்று கீழே பார்த்துக் கத்தினாள்.

"சார்! உங்க கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க! நீங்க சொன்னதுதான் நிஜம். பாப்பாவ உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!"