எங்கள் ஊரில் அது ஆதாளை

கிள்ளிய இலையின் பச்சை நெடி அடித்தால் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் நினைவுக்கு வருவார். நரைத்த தாடி; டீயைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார். சேலையூர்க் காலிமனையில் மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போது ஒரு செடியின் கொட்டையைத் தின்ற என் மகள், அன்று அவர் வண்டியில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாள்.

"ஆதாளைக் கொட்டை" என்றேன் டாக்டரிடம்.

"அப்படின்னா?"

எனக்குத் தெரிந்தது அந்தத் திருநெல்வேலிப் பெயர் ஒன்றுதான்.

பின்னாலேயே வந்த ஆட்டோக்காரர், அந்தச் செடியிலிருந்து நான் கிள்ளி வந்திருந்த இலையை வாங்கி மோந்தார்.

"காம்ப ஒடிச்சு ஊதுனா சோப்பு நுரையாட்டம் முட்டை முட்டையா பறக்குமா சார்?"

"பறக்கும்ணா."

"காட்டாமணக்கு, டாக்டர்!"

டாக்டர் உடனே எழுந்து ஓடினார். மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வாசலில் வண்டியைக் கிளப்பியவர் திரும்பிக் கேட்டார்.

"கூட ஆடிக்கினு இருந்த பசங்க எங்க சார்? அதுங்களும் துன்னுச்சா?"