மருந்து போட்டாச்சா?

நான் விருதுநகர்ப் பக்கம். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் எனக்குத் துப்பாக்கி கிளப்பில் வேலை கிடைத்தது. "சிவகாசி உங்க பக்கந்தானே, வெடிமருந்தெல்லாம் பழக்கமிருக்கும்ல?" என்று ஏஜென்ட் கேட்டார். நான் ஊரில் டைல்ஸ் கடையில் பில் போட்டவன். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடிக்கிற ஆள். ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன். வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் அன்று நான் இல்லை.

துபாயை விட்டு வெளியேறும் சாலையில், கட்டிடங்கள் முடிந்து மணல் மட்டும் மிச்சமாகிற இடத்தில் கிளப் இருக்கிறது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து கம்பெனி பஸ் கொண்டுபோய் விடும். உறுப்பினர்கள் யாரும் சொந்தமாகத் தோட்டா தயாரிக்கக் கூடாது. கிளப்புக்கு மட்டும் அனுமதி உண்டு, அதற்கென்று கட்டிடத்தின் கடைசியில் ஓர் அறையும் உண்டு. ஜன்னல் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். போன் வெளியே பெட்டியில். உள்ளே நான் ஒருத்தன்தான். வருஷக்கணக்கில் பகல் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தால் மனுஷனுக்கு என்னவெல்லாம் ஆகும் என்று அந்த ஏஜென்டை உட்காரவைத்துச் சொல்ல ஆசை. அவர் நம்பரை மாற்றிவிட்டார்.

சுடும் இடத்துக்குப் பொறுப்பு ஒரு நேபாளிப் பெண். அவள் ஊரில் போலீஸில் இருந்தவள். என்னை 'தாயி' என்று கூப்பிடுவாள். அவள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தமாம். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைத்தான் தாயி என்று கொஞ்சுவார்கள். இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஹிந்திதான். இருவரும் அதைச் சமமாகக் கொலை செய்வோம்.

சென்ற கோடையில் ஓர் அரபுப் பெரியவர் தன்னுடைய மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தார். கடைத் தோட்டா போட்டுச் சுட்டால் மணிக்கட்டு வலிக்கிறதாம். நாங்களே ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுகளை வைத்து, உதை குறைவாக ஒரு தோட்டா செய்து தர முடியுமா என்று கேட்டார். கிளப் ஒத்துக்கொண்டது. செய்வது நான். முதலில் சுட்டுப் பார்ப்பது அவள். புதிதாக எதைச் செய்தாலும் முதல் தோட்டா அவள் கையில்தான் வெடிக்கும், அதுதான் அங்கே விதி. அந்தக் கையால்தான் சாயங்காலம் வீடியோவில் மகளுக்கு டாட்டா காட்டுவாள். அந்த வேலையில் இறங்கிய நாளிலிருந்து எனக்கு அந்தக் கைமேலேயே கண்ணாக இருந்தது.

அலமாரியில் மூன்று வகை மருந்து இருந்தது. ஒன்று மெதுவாக எரிவது, ரவை மாதிரி இருக்கும். அதை நிறையப் போட வேண்டும், குண்டு பிய்த்துக்கொண்டு போகும். ஈயக் குண்டு அந்தச் சூட்டுக்கும் வேகத்துக்கும் தாங்காமல் குழலுக்குள் பூசிக்கொள்ளும். அதைத் தள்ளிவைத்தேன். இன்னொன்று சட்டென்று எரிவது. துளியூண்டு போட்டாலே போதும், ஈயத்துக்கும் ஒத்துப்போகும். மூன்றாவது உமி மாதிரி, இடத்தை அடைக்கும். அதை அளப்பது பெரிய இம்சை, கருவியில் மாட்டிக்கொண்டு நிற்கும். எவன் அதோடு மல்லுக்கட்டுவது என்று நான் இரண்டாவதை எடுத்தேன். மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூடு ஆழமானது. துளியூண்டு மருந்து அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துப்பாக்கியையே சிதறடிக்கிற மாதிரி இரண்டு தடவை விழுந்தாலும் மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இது எனக்கும் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வெளியே புழுதிக் காற்று. மத்தியானம், வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஓய்வு நேரம், மைதானத்தில் ஈ காக்கை இல்லை. புழுதி எனக்கு ஆகாது, கண் சிவந்துவிடும். அதற்கு ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து என் மனைவி பேசும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்காமல் போனை வைக்க மாட்டாள். இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு, தகட்டைத் தொட்டு, உள்ளே போனேன். துளை போட்ட மரப் பலகையில் பித்தளைக் கூடுகள் வரிசையாக நின்றன. அளக்கும் கருவியின் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஓர் அளவு விழும். ஒவ்வொரு கூடாக இழுத்துக்கொண்டு போனேன்.

பாதி வரிசையில் இருக்கும்போது, என் வலது தோளுக்குப் பின்னால் கேட்டது.

"மருந்து போட்டாச்சா?"

"ம், போட்டாச்சு" என்றேன். கை அடுத்த கூட்டுக்குப் போய்விட்டது.

அவ்வளவு சாதாரணமாக இருந்தது. சமையலறையிலிருந்து வீட்டு மனுஷி கேட்கிற மாதிரி. மிச்சக் கூடுகளுக்கும் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணில் விட்ட மருந்து இன்னும் காயவில்லை, வெளிச்சம் கலங்கித் தெரிந்தது, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினேன். கடைசிக் குண்டை வைத்துவிட்டுக் கையைத் துடைக்கும்போதுதான் என் போன் வெளியே பெட்டியில் இருக்கிறது என்பது உறைத்தது. இந்தக் கிளப்பில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிறவர்கள் யாருமே இல்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தேன். உச்சி நேரத்தில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே, மூன்றாவது குரலுக்குத்தான் ஏன் என்று கேள் என்பார்கள் எங்கள் பக்கம். நானோ கேட்ட வாய் மூடும் முன்னே பதில் சொல்லியிருக்கிறேன். அதைவிட மோசம், என்ன பதில் சொன்னேன் என்பது. போட்டாச்சு என்று எதைச் சொன்னேன்? கண்ணுக்கா, கூட்டுக்கா? கூட்டுக்கு என்றால் எந்தக் கூட்டுக்கு? எனக்கே தெரியவில்லை.

மனதைத் தேற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போய், கருவியில் மீந்த மருந்தை நிறுத்துப் பார்த்தேன். எவ்வளவு குறைய வேண்டுமோ சரியாக அவ்வளவுதான் குறைந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. நேபாளிப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். குரல் கேட்டதை முழுங்கிவிட்டு, வேலைக்கு நடுவில் கவனம் சிதறியது, ஆனால் மொத்த அளவு சரியாக இருக்கிறது என்றேன்.

"தோட்டாவைத் தனித்தனியா நிறுத்துப் பாத்தியா?" என்றாள்.

"பார்த்துப் பிரயோஜனமில்லை. நாம வார்த்த குண்டு ஒண்ணுக்கொண்ணு கூடக் குறைய இருக்கும். துளி மருந்து அதுல தெரியாது."

"அச்சா. அப்ப எல்லாத்தையும் உடை, தாயி."

உடைப்பதற்கு ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். பலகையில் நின்ற வரிசைப்படி, கடைசியிலிருந்து நான் தட்டினேன், அவள் கொட்டியதைத் தராசில் வைத்தாள். சரி, சரி, சரி என்று போய்க்கொண்டே இருந்தது. வீண் வேலை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பிறகு ஒன்றிலிருந்து எதுவும் கொட்டவில்லை. வெறும் கூடு. அதற்கு முந்தைய துளையில் நின்றதைத் தட்டினேன். இரண்டு பங்கு கொட்டியது. ஒன்றில் போட வேண்டியது இன்னொன்றில் போயிருந்ததால்தான் மொத்தம் சரியாக வந்திருந்தது. அதைச் சுட்டிருந்தால் ரிவால்வரோடு சேர்த்து அவள் விரல்களும் போயிருக்கும். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் மறைக்க முடியவில்லை, குரலைப் பற்றிச் சொன்னேன். பயப்படுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நீ தினமும் பேசுறியே, தாயி" என்றாள். "நான் இந்த வழியாப் போறப்பல்லாம் கேக்கும். முதல்ல ஒரு குரல் ஏதோ கேக்கும். அப்புறம் உன் குரல் பதில் சொல்லும். நீ போனை உள்ள கொண்டுபோறியோன்னு நினைச்சேன். சொன்னா உன் வேலை போயிடுமேன்னு சும்மா இருந்தேன்."

"அந்தக் குரல் எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தாள். "மெல்லிசா இருக்கும். உன்னோடது மாதிரி இல்லை."

ஆக, நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனைவி கேட்கிறதைக் கேட்டுக் கேட்டு, அவள் குரலிலேயே என்னிடம் நான் கேட்கப் பழகியிருக்கிறேன். தனியாகக் கிடக்கிறவன் வாய் சும்மா இருக்காது. இப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது, ஆனால் பயம் தெளிந்தது. சாயங்காலம் ரூமுக்கு வந்து மனைவியிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "இனிமே மருந்து போட்டாச்சான்னு கேக்காத தாயே, ஆளைக் கொல்லப் பாத்துச்சு" என்றேன்.

"நான் எப்பங்க அப்படிக் கேட்டேன்?" என்றாள். "சொட்டு விட்டீகளான்னுல்ல கேப்பேன். கண்ணுக்கு யாராச்சும் போட்டாச்சான்னு கேப்பாகளா? போடுறதுன்னா புண்ணுக்குத்தான்."

வாஸ்தவம்தான். அவள் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாருமே சொல்ல மாட்டார்கள். நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். அன்று ரூமில் எல்லோரும் இருந்தார்கள், விளக்கும் எரிந்தது, ஆனாலும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்றாவது மருந்தை எடுத்தேன். உமி மாதிரியானது. அது ஒரு பங்கிலேயே கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பிவிடும். தவறி இரண்டாவது பங்கு விழுந்தால் வழிந்து பலகையெல்லாம் சிந்தும். குருடன்கூடக் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம். கருவியில் மாட்டிக்கொண்டு நின்றபோதெல்லாம் திட்டாமல் தட்டிவிட்டேன். அன்று அறையில் எந்தக் குரலும் கேட்கவில்லை. கேட்காததும் நன்றாக இல்லை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

அவள் சுட நின்றபோது விதிப்படி நான் பின்னால் நின்றேன். இருவரும் காதுக்கு மூடி போட்டிருந்தோம். அதைப் போட்டால் காற்றுச் சத்தம்கூடக் கேட்காது. அவள் கால்களை அகட்டி நின்று, ரிவால்வரை உயர்த்தி, விரலை விசைக்குக் கொண்டுபோனாள்.

"மருந்து போட்டாச்சா?"

மூடிக்கு உள்ளே, காதோடு காதாக.

என் உதட்டில் கை வைத்துப் பார்த்தேன். உதடு அசையவில்லை. இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டையும் மனதுக்குள் திரும்ப எட்டிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டுச் சொன்னேன்.

"போட்டாச்சு. ஒரு தடவைதான்."

அவள் விசையை அழுத்தினாள். சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. புகை விலகி, அவளுடைய இரண்டு கைகளையும் முழுசாகப் பார்த்த பிறகுதான் நான் காதைத் திறந்தேன்.