கேரியரில் கலந்த மாத்திரை

குழந்தைவேலுக்குச் சோறு செரிக்கவில்லை என்பது மைன்ஸில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயம். பதினெட்டு வருடம் கான்ட்ராக்டில் புழுதி தின்ற மனுஷன். இந்தத் தடவைதான் பர்மனென்ட் பட்டியலில் பெயர் வந்திருந்தது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

கெட்டது கணையம். நாம் தின்கிற எண்ணெயும் நெய்யும் அப்படியே உடம்பில் சேர்ந்துவிடாது. அதில் கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு பிணைந்து கிடக்கும். கணையத்தில் ஊறும் லைபேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டால்தான் குடல் உறிஞ்சும். இவருக்கு அது ஊறவே இல்லை. தின்றதெல்லாம் எண்ணெய் மிதக்க வெளியே போனது. அதனால்தான் டாக்டர் அந்த நொதியையே சின்னச் சின்ன மணிகளாக அடைத்த மாத்திரை கொடுத்து, சோற்றோடு சாப்பிடச் சொன்னார்.

"கேண்டீன்ல பத்து பேரு பாத்துகினு இருக்காங்க. எப்பிடிம்மே முழுங்கறது?" என்றார் மனைவியிடம்.

அம்சவல்லிதான் வழி கண்டுபிடித்தாள். மகா கெட்டிக்காரி என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள். காலையில் மாத்திரையைப் பிரித்து, கொதிக்கிற சாம்பாரில் மணிகளைக் கொட்டி, கரையும்வரை கலக்கிச் சோற்றில் பிசைந்து கேரியரில் அடைத்தாள். வீட்டில் சாப்பிடும் வேளைக்கும் அதையே பழக்கிவிட்டாள். ஏழு மாதம், ஒரு வேளை தவறவில்லை.

மெடிக்கலில் எடை நாற்பத்தொரு கிலோ. வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். வயது நாற்பத்தாறு. இன்னொரு பட்டியல் வரும் என்று யார் நம்புவது?

மறுநாள் பழைய டாக்டரிடம் போனார்கள். உட்கார முடியாமல் குழந்தைவேல் வெளி பெஞ்சில் படுத்துவிட்டார். அம்சவல்லி மட்டும் உள்ளே போனாள்.

"மருந்த எப்படிம்மா குடுத்தீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொதிக்கறதுல போட்டா நொதி செத்துடும்மா. வயித்து அமிலம் அழிக்கக் கூடாதுன்னு மணிக்கு மேல பூச்சு இருக்கும், அதையும் கரைச்சிட்டீங்க. ஏழு மாசமா அவர் மருந்தே சாப்பிடல."

கணவனைத் தன் கையாலேயே பட்டினி போட்டிருக்கிறாள். இந்தக் கை எதற்கு என்றிருந்தது.

வெளியே வந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்னாவாம்?"

"மருந்து... கேக்கலியாம்."

"நீ என்னா பண்ணுவ, பாவம். வேளா வேளைக்கிக் கலந்து குடுத்துகினுதான இருந்த. இந்த ஒடம்புதான் துரோகம் பண்ணிடுச்சி, இல்ல?"

"ஆமாங்க" என்றாள் அம்சவல்லி.