முதல் அடியை விட்ட கல்யாணம்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் ரிதம் கிடார். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். பாட்டு நன்றாக அமைந்தால் பாடகிக்குப் பெயர், தாளம் நன்றாக விழுந்தால் தபேலாவுக்குப் பெயர், மைக் வீல் என்று கத்தினால் மட்டும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலமானால் மதுரை திருநகரிலிருந்து கிடாரை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவேன். கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகளில் எனக்கு நாலு தெரியும். ஐந்தாவது தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.

எங்கள் பாடகி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா நாலு தறி வைத்து நெய்கிறவர். அந்தக் காலத்தில் பெண் குரல் என்றால் கம்பி மாதிரி மெலிந்து மேலே போகவேண்டும். இவள் குரல் அடிவயிற்றிலிருந்து, கொஞ்சம் கரகரப்போடு கிளம்பும். டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு வரி பாடியதுமே ஓர் அம்மா மேடையேறி மிளகுப் பால் கொண்டுவந்து நீட்டினார். "புள்ளைக்குத் தொண்டை கட்டிருக்கு. இதக் குடிச்சிட்டுப் பாடச் சொல்லுங்க." இவள் மரியாதையாகக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே குரலில் மூன்றாவது வரியைப் பாடினாள். அந்த அம்மா ஏனோ என்னை முறைத்துவிட்டுப் போனார்.

கப்பலில் வேலை பார்த்த அவள் மாமா ஒருமுறை இரண்டு கேசட் கொண்டுவந்தார். ஒன்றில் அமெரிக்கக் கறுப்பர்கள் நெஞ்சைப் பிளந்து பாடும் சோல் இசை. இன்னொன்றில் ஜமைக்காத் தீவின் ரெகே. கே.கே. நகரில் ஆர்கன் வாசிப்பவர் வீட்டு மாடியில்தான் எங்கள் ஒத்திகை. அங்கே அவற்றைப் போட்டுக்காட்டினாள்.

"கேட்டீங்களாண்ணே, இவங்களுக்கும் தொண்டை கட்டிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வேறு ஆள். எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டுக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டி, அதை ரெகேயில் போட்டாள். முதலில் ஜனங்கள் திகைத்தார்கள். ஆறேழு மேடைகளுக்குப் பிறகு கல்லூரி மாணவர்கள் 'ஜமைக்காப் பாட்டு' என்று சீட்டெழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். திருமங்கலம் வரை பெயர் போய்விட்டது.

சிக்கல் தபேலா அண்ணனிடம் இருந்தது. ரெகேயில் நாலு எண்ணிக்கை என்றால் முதல் எண்ணிக்கை காலி. அங்கே யாரும் அடிக்கக் கூடாது. தாளம் மூன்றில் வந்து விழும். கிடாருக்கு இரண்டிலும் நாலிலும் 'செக்' என்று ஒரு வெட்டு, அவ்வளவுதான். எதற்கும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச்சேரும் எனக்கு, இது எனக்காகவே கண்டுபிடித்த சங்கீதம் என்று பட்டது. அண்ணனுக்கு அப்படியில்லை. அவர் தவில்காரரின் மகன்.

"முதல் அடி பிள்ளையாருக்கு மாப்ள. அத விட்டுட்டு வாசிக்கிறது, சாமிக்கு இலை போடாமப் பந்தியில உக்கார்ற மாதிரி."

நான் அப்போது நூலகத்தில் நிறையப் படித்து, பாதி புரிந்து, முழுதாகப் பேசிக்கொண்டிருந்தவன். தாளம் என்பது வெறும் கணக்கு, சகுனம் என்பது பயத்தின் இன்னொரு பெயர் என்றெல்லாம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் தபேலாவுக்குப் பவுடர் போட்டபடியே கேட்டார். கடைசியில், "சரி, வாசிக்கிறேன். கல்யாண வீட்டுல மட்டும் கேக்காத" என்றார்.

கேட்கவேண்டி வந்தது.

மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டலில் வாத்தியக் குழு நடத்துகிறவர், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக மதுரை வருவதாகவும், வரவேற்பில் எங்கள் கச்சேரி என்பதால் இவளை அங்கேயே கேட்டுவிடுவதாகவும் தகவல் வந்தது. பிடித்திருந்தால் வேலை. தினமும் மேடை, அவள் விரும்பிய பாட்டு. ஆனால் அதே வாரம் சேலத்திலிருந்து ஓர் இடமும் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா அதிகம் பேசாதவர். "அவர் சரின்னா மெட்ராஸ். இல்லேன்னா சேலம்" என்றார்.

ஒத்திகையில் அவள் தபேலா அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நேரம் பாட்டு?"

"நாலு நிமிஷம்ண்ணே."

"நாலு நிமிஷம் ஒரு கல்யாணத்த அந்தரத்துல நிக்கவைக்கச் சொல்ற."

அவர் சுத்தியலால் தபேலா விளிம்பை இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "சேலத்துல தறிச் சத்தம்தான் கேக்கும் உனக்கு. வாசிக்கிறேன், போ."

வரவேற்பு ஆறரை மணிக்கு. மேடையில் ஒரு பக்கம் மாலையும் கழுத்துமாக மணமக்கள், மறுபக்கம் நாங்கள். மெட்ராஸ்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி அவள் அப்பா, மடியில் துண்டை முறுக்கிக்கொண்டு. பக்திப் பாட்டு, இரண்டு சினிமாப் பாட்டு முடிந்தன. நான்காவது, டிரங்க் கால்.

ஆர்கன் இடதுகைப் பக்கம் கனமாக உருண்டது. முதல் எண்ணிக்கை காலி. மாடியில் அது வெறும் இடைவெளி. கல்யாண மண்டபத்தில் பள்ளம். ஒவ்வொரு நாலுக்கும் ஒரு பள்ளம் வந்தது. அதில் மின்விசிறிச் சத்தம் கேட்டது, சமையல்கட்டில் யாரோ கரண்டியைக் கீழே போட்டது கேட்டது. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு முதல் அடிக்கும் அவர் வலதுகை லேசாக எழும்பி, தோலுக்கு ஓர் அங்குலம் மேலே நின்று, திரும்பித் தொடைக்குப் போனது. நெற்றியிலிருந்து வேர்வை தபேலாமேல் சொட்டியது. அடிக்கவில்லை. அவர் வாக்கு நின்றது.

அப்போது மாப்பிள்ளையின் மாலை நூல் அறுந்தது. சம்பங்கியும் ரோஜாவும் பொலபொலவென்று மேடையில் கொட்டின. மணப்பெண்ணின் அம்மா பூவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

என் கை முதல் எண்ணிக்கையில் விழுந்தது. விழுந்தது என்பதுகூட நாகரிகமான சொல், ஓங்கி அறைந்தது. அடுத்த நாலிலும், அதற்கடுத்த நாலிலும். சகுனம் பயத்தின் இன்னொரு பெயர் என்று சொன்னவனின் கை அது. ஆர்கன் தடுமாறி என் பின்னால் வந்தது. ஜமைக்கா மறைந்து, ஊர்வலப் பேண்டு மார்ச் ஒன்று கிளம்பியது. அதைவிடக் கொடுமை, அப்போதுதான் பாட்டு புரிந்த நிம்மதியில் ஜனங்கள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். மெட்ராஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிட்டாள்.

கல்யாணத்தில் பாட்டைப் பாதியில் நிறுத்துவது, முதல் அடியை விடுவதைவிடப் பத்து மடங்கு கேடு. மண்டபம் அமைதியாகிவிட்டது. அவள் அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையை நோக்கி வந்தார்.

அவள் மைக்கில், எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே குரலில் சொன்னாள்: "மன்னிக்கணும். ராங் நம்பர் விழுந்திருச்சு. திரும்பப் போட்டுத் தாரேன்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு பாதி மண்டபம் சிரித்தது. வந்த பெரியவர் என்ன செய்வதென்று தெரியாமல், கீழே கிடந்த பூவை அள்ளிக்கொண்டு போனார்.

மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "அண்ணே, கைய எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அண்ணன் மறுபடி கண்ணை மூடினார். மறுபடி அந்தப் பள்ளம். இந்தத் தடவை அவள் குரல் அதற்குள் அவசரமில்லாமல் இறங்கி, அடியில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, மூன்றாவது எண்ணிக்கையைப் பிடித்து ஏறி வந்தது. கடைசிச் சரணத்தில் 'இன்னும் லைன் கிடைக்கல' என்று நீட்டியபோது, கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. மெட்ராஸ்காரரின் செருப்பு நுனி ஆடிக்கொண்டிருந்தது, சரியான இடத்தில்.

பந்திக்குப் போகும் வழியில் அவர் அவள் அப்பாவிடம் வந்து நின்றார். "அடுத்த மாசம் அனுப்பி வைங்க. எங்க பார்வையில இருப்பா." அப்பா துண்டைப் பிரித்து முகத்தைத் துடைத்தார். "அப்ப சேலத்துக்குக் கடுதாசி போட்டுர்றேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மெட்ராஸ்காரர் போகிற போக்கில் என் தோளையும் தட்டினார். "முதல்ல கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை ரொம்ப அளவா வாசிச்சீங்க."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல.

மறுநாள் காலையில் அண்ணன் சைக்கிள் கேரியரில் தபேலாவோடு என் வீட்டு வாசலில் நின்றார். "வா மாப்ள." தெருமுனைப் பிள்ளையார் கோயில். சூடம் ஏற்றி, சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் எண்ணிக்கையை மட்டும் வாசித்தார். ஒன்று அடி, மூன்று மௌனம். ஒன்று அடி, மூன்று மௌனம். நேற்று விட்ட அத்தனையையும் கொடுத்துத் தீர்க்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்சநேரம் ஆனது. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

துணைக்கு இருக்கட்டும் என்று நானும் கிடாரை எடுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நீ எதுக்கு? நீதான் நேத்தே குடுத்துட்டியே."